மைண்ட்செட்டைக் குறை சொல்லுமுன் பில்லைப் பாருங்கள்

சிறு உற்பத்தியாளர்கள் ஏன் டிஜிட்டலுக்கு மாற மறுக்கிறார்கள் என்ற கேள்விக்குத் தொழில் கருத்தரங்குகளில் ஒரே பதில்தான் புழங்குகிறது: மைண்ட்செட். ஓட்டல் அரங்கில் திரை ஒளிரும். தடைகளின் பட்டியல் விரியும். முதல் வரியில் மைண்ட்செட், அடுத்து விழிப்புணர்வு இல்லாமை, அதற்கடுத்து மாற்றத்தைக் கண்டு பயம். பணம் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வரும். அதுவும் ‘முதலீட்டின் பலனை உணராமை’ என்று வேடம் போட்டுக்கொண்டு. மேடையில் இருப்பவர் பெரிய கம்பெனி ஒன்றின் கொள்முதல் தலைவர், அல்லது மென்பொருள் விற்பவர், அல்லது ஆலோசகர். கீழே உட்கார்ந்து கேட்பவர்கள் கோவையின் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் சின்னவேடம்பட்டியிலும் இரண்டு லேத்தும் நாலு சி.என்.சி.யும் வைத்து ஜாப் ஒர்க் ஓட்டுகிறவர்கள். மதியச் சாப்பாட்டோடு கூட்டம் கலைந்துவிடும்.

இந்தப் பதில் தவறு. அது இவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அதன் வசதி. குறை ஓனரின் மண்டைக்குள் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டால், அதைச் சரிசெய்ய வேறு யாரும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. இன்னொரு கருத்தரங்கு நடத்தினால் போதும்.

மாற்றத்துக்குப் பயப்படுகிற ஊரா கோவை? 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கி வந்தபோது இந்த வட்டாரத்தில் மில்களும் பட்டறைகளும் பெருகிய வேகத்தை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அதன்பின் பம்புசெட், வெட் கிரைண்டர், நூற்பு இயந்திர உதிரிபாகங்கள் என்று ஒவ்வொன்றும் வீட்டின் பின்கட்டுப் பட்டறைகளில்தான் வளர்ந்தது. சி.என்.சி. வந்தபோது வங்கிக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து மெஷின் இறக்கியவர்களில் பலர் அதுவரை இன்னொருவரிடம் ஆபரேட்டராக இருந்தவர்கள். அவர்களுக்கு விழிப்புணர்வு முகாம் எவரும் நடத்தவில்லை. அந்த மெஷினில் ஓடும் வேலைக்கு ஆர்டர் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

பக்கத்தில் திருப்பூரைப் பாருங்கள். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. சொட்டு நீரும் வெளியே போகாத சுத்திகரிப்பு முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்ற நிலை. சவ்வூடு வடிகட்டல், ஆவியாக்கி, உப்பு மீட்பு என்று ஒரு ரசாயன ஆலைக்கே உரிய தொழில்நுட்பத்தை, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களாகச் சேர்ந்து கடன் வாங்கி, சாயப்பட்டறைக்காரர்கள் கட்டி இயக்கினார்கள். பலர் அதில் நொடித்தும் போனார்கள். நொடித்தவர்களைக்கூட மாற மறுத்தவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

டிஜிட்டல் என்றால் மட்டும் பின்வாங்குகிறார்கள் என்பதும் உண்மையில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரலில் இ-வே பில். மின்விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில் தன் ஒவ்வொரு பில்லையும் அரசின் கணினியில் பதிந்து எண் வாங்கும் பழக்கத்துக்கு 5 கோடியைத் தாண்டிய சிறு தொழிற்சாலையும் வந்துவிட்டது. டேலி கணக்கு மென்பொருள் இல்லாத பட்டறை அலுவலகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வரைபடம், கொட்டேஷன், மெஷின் ரிப்பேர் எல்லாம் வாட்ஸ்அப்பில் ஓடுகின்றன. வரித்துறைக்காகவும் வாடிக்கையாளருக்காகவும் டிஜிட்டலான அதே ஓனர், மெஷினில் சென்சார் மாட்டச் சொன்னால் மட்டும் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது.

கணக்குக்குள் போகுமுன் சற்றே வெளியூர் போய் வரலாம். எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கியது 1882-ல். அமெரிக்கத் தொழிற்சாலைகளை இயக்கும் விசையில் மின்மோட்டாரின் பங்கு 1900 வாக்கில் 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. பாதியைத் தாண்ட 1920 ஆனது. இதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் பால் டேவிட் 1990-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஆலை முதலாளிகளை மூடர்கள் என்று சொல்லவில்லை. நீராவி எஞ்சினுக்காகக் கட்டிய பழைய ஆலைகள் பல மாடி கொண்டவை. ஒரே எஞ்சின், நீண்ட தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பெல்ட். எஞ்சினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைப்பதால் பெரிய லாபம் கிடையாது. மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று பிரித்து, ஒரே தளத்தில் பொருள் நகரும் வரிசைப்படி அடுக்கி, கட்டடத்தையே புதிதாகக் கட்டும்போதுதான் லாபம் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை எவன் இடிப்பான்? அது தேயும்வரை காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் நியாயம் இருந்தது.

காத்திராமல் பாய்ந்தவர்கள் கதையும் இருக்கிறது. ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999-ல் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புது மென்பொருளை அவசரமாக ஏற்றி, ஹாலோவீன் பருவத்தில் கிடங்கில் சரக்கு இருந்தும் கடைக்கு அனுப்ப முடியாமல் திண்டாடியது. அடிடாஸ் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரோபோ ஷூ ஆலைகளைத் திறந்து உலகமே வியக்க விளம்பரம் செய்தது. 2019 நவம்பரில் இரண்டையும் மூடுவதாக அறிவித்துவிட்டு, அந்த நுட்பத்தை ஆசியாவில் உள்ள தன் சப்ளையர்களிடம் கொண்டுபோகப் போவதாகச் சொன்னது. டெஸ்லாவின் மாடல் 3 உற்பத்தி தடுமாறியபோது, அளவுக்கு மீறி ஆட்டோமேஷன் செய்தது தன் தவறு என்று 2018-ல் எலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார். இவர்களில் யாருக்கு விழிப்புணர்வு போதவில்லை? யாருக்கு மைண்ட்செட் கோளாறு? பெரிய கம்பெனி தோற்றால் அது துணிச்சலான பரிசோதனை. நம்மூர்ப் பட்டறை ஓனர் தயங்கினால் அது பிற்போக்கு.

இனி பட்டறைக் கணக்கு. மெஷின் கண்காணிப்பு மென்பொருள் என்ன செய்யும்? எந்த மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை நேரம் சும்மா நின்றது, ஏன் நின்றது என்று திரையில் காட்டும். 400 மெஷின் உள்ள ஆலையில் இது பெரிய விஷயம். மேலாளர் கண்ணாடி அறையில் இருக்கிறார். சூப்பர்வைசர் சொல்வதைத்தான் அவர் நம்ப வேண்டும். திரை அவருக்குப் புதுச் செய்தி தருகிறது. நாலு மெஷின் பட்டறையின் ஓனரோ மெஷினுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். சுழலும் சத்தம் மாறினாலே இன்செர்ட் தேய்ந்துவிட்டது என்று திரும்பிப் பார்ப்பவர் அவர். மூன்றாம் நம்பர் மெஷின் காலையிலிருந்து நிற்பது அவருக்குத் தெரியும்; காஸ்டிங் ஏற்றிய வண்டி வரவில்லை என்பதும் தெரியும். ஜாப் ஒர்க்கில் பெரும்பாலும் கச்சாப்பொருளை அனுப்புவது வாடிக்கையாளர்தான். ஆக, மெஷின் நின்றதற்கான காரணம் வாடிக்கையாளரின் கிடங்கில் இருக்கிறது. அதைச் சிவப்பு நிறத்தில் வட்டமாக வரைந்து காட்டும் திரைக்கு மாதச் சந்தா கட்டச் சொல்கிறோம். அவர் வேண்டாம் என்றால் மைண்ட்செட் என்கிறோம்.

மென்பொருளால் அவருக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஒரு பீஸுக்கு உண்மையில் என்ன அடக்கம் என்று துல்லியமாகத் தெரியாமல் ரேட் கொடுத்து நஷ்டப்படும் பட்டறைகள் ஏராளம். பழைய வரைபடத்தை வைத்து இருநூறு பீஸ் ஓட்டிவிட்டு, திருத்திய வரைபடம் முந்தாநாளே வாட்ஸ்அப்பில் வந்து கிடப்பதைப் பார்த்துத் தலையில் கை வைப்பதும் நடக்கிறது. எந்த டூல் எத்தனை பீஸ் தாங்கியது, எந்த பேட்ச் ரிஜெக்‌ஷன் ஆனது, ஏன் ஆனது என்ற பதிவு இல்லாததால் அதே தவறு ஆறு மாதம் கழித்துத் திரும்ப வருகிறது. இந்த இடங்களில் எளிமையான, தமிழிலும் இந்தியிலும் படிக்கக்கூடிய ஒரு மென்பொருள் பெரிய உதவி. தரையில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களாக இருக்கும் பட்டறையில் முழுக்க ஆங்கிலத் திரையை மாட்டிவிட்டு, பயன்படுத்தத் தெரியவில்லை என்று சலித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. கருத்தரங்கில் காட்டப்படுவது பெரிய ஆலைக்கென்று செய்து, விலையைக் கொஞ்சம் சுருக்கிய சரக்கு. நாலு மெஷின் பட்டறையை மனதில் வைத்துச் செய்தது குறைவு.

மெஷினும் ஒத்துழைக்க வேண்டுமே. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன், அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சி.என்.சி.யின் கன்ட்ரோலரில் பல நேரம் ஆர்.எஸ்-232 போர்ட் மட்டும்தான் இருக்கும். அதன் வழியாக நிரல் ஏற்றலாம், இறக்கலாம். மெஷினின் நிலையை நொடிக்கு நொடி கேட்டு வாங்குவது அதன் வேலையல்ல. புது மெஷின்களிலும் நெட்வொர்க் இணைப்பு தனியாக விலை கொடுத்துத் திறக்க வேண்டிய ஆப்ஷனாக இருப்பது உண்டு. தான் காசு கொடுத்து வாங்கிய மெஷினின் தகவலைப் படிக்க இன்னொரு முறை காசு. இதைப் பற்றி மேடையில் பேச்சே வராது.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பாக்கி. ஒரு பட்டறை மாதம் 6 லட்சத்துக்கு பில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி 45 நாளுக்குள் வரவேண்டிய பணம் 90 நாளில் வருகிறது. அந்தக் கூடுதல் 45 நாளுக்கு எந்நேரமும் 9 லட்சம் வெளியே மாட்டிக்கொண்டிருக்கும். வங்கியின் ஓ.டி. (ஓவர் டிராஃப்ட்) வட்டி 11 விழுக்காடு என்றால் வருடத்துக்கு 99 ஆயிரம். இதற்கிடையில் பணம் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்த பில்லுக்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். 2022 செப்டம்பரில் ஏறிய மின்கட்டணத்தில் நிலைக்கட்டணம் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும். ‘கரண்ட் பில் கட்டட்டுங்களா, சென்சார் மாட்டட்டுங்களா?’ என்று கேட்கிற ஓனர் தொழில்நுட்பத்துக்கு எதிரி கிடையாது. வருடத்துக்கு ஒரு லட்சம் இருந்தால் அந்த அளவு பட்டறை தன் டிஜிட்டல் வேலையைத் தாராளமாகத் தொடங்கலாம். வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கும் வட்டியில்லாக் கடனுக்காக அந்த ஒரு லட்சத்தைத்தான் அவர் வங்கிக்கு வட்டியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த வாடிக்கையாளரின் ஆள் மேடையேறி, முதலீடு செய்யத் தயங்காதீர்கள் என்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. 2017-ல் புகார் கொடுக்க ‘சமாதான்’ இணையதளம் வந்தது. பட்டறை ஓனருக்குக் கணினி தெரியும், தளத்தில் நுழையவும் தெரியும். இருக்கும் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களில் ஒருவர் மீது புகார் கொடுத்தால் அடுத்த மாத பி.ஓ. (கொள்முதல் ஆணை) வராது என்பதும் தெரியும். பில்லை ஏலத்தில் விட்டு உடனே பணமாக்கும் ட்ரெட்ஸ் தளங்கள் 2017-லிருந்து இயங்குகின்றன, அருமையான ஏற்பாடு. ஆனால் வாங்கியவர் அந்த பில்லைத் தளத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் ‘அக்செப்ட்’ பொத்தானை அழுத்தாதவரை ஒன்றும் நகராது. 2024 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த வருமான வரிச் சட்டத் திருத்தம், காலக்கெடுவுக்குள் பணம் தராத செலவை அந்த ஆண்டுக் கழிவாகக் காட்ட முடியாது என்று இறுக்கியது. உடனே, சிறு நிறுவனம் என்று காட்டும் உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, ஆர்டர் தருகிறேன் என்று வாங்குவோர் சொல்வதாகப் புகார்கள் எழுந்தன. இங்கே மாற மறுப்பவர் யார் என்று வாசகர்களே சொல்லட்டும்.

இன்னொரு விஷயம் ஓனர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், மைக் முன்னால் பேசமாட்டார்கள். மெஷினைக் கம்பெனியின் திரையோடு இணைத்துவிடு, எங்கள் சப்ளை செயின் முழுக்கத் தெரிய வேண்டும் என்று பெரிய வாடிக்கையாளர் கேட்கிறார். இணைத்தால் ஒரு பீஸுக்கு எத்தனை நொடி ஆகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஆறு நிமிடத்துக்கு ரேட் பேசிய வேலையை, ஃபிக்சரை மாற்றி, டூலை மாற்றி, இரவெல்லாம் முயன்று ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தவர் அந்த ஓனர். அந்த ஒரு நிமிடம்தான் அவருடைய லாபம். வாகன உதிரிபாகத் தொழிலில் ஆண்டுதோறும் ரேட்டைக் குறை என்று கேட்பது எழுதப்படாத மரபு. ஐந்து நிமிடம் என்று திரையில் பார்த்தவர் அடுத்த ஆண்டு பேச்சில் எந்த ரேட்டில் தொடங்குவார்? சைக்கிள் டைம் ஓனருடைய தொழில் ரகசியம், பேரம் பேச அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பிடி. அதை இலவசமாகக் கொடு என்று கேட்பதற்கு ‘வெளிப்படைத்தன்மை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெளிப்படைத்தன்மை இருவழிப் பாதையென்றால், ஓனர் அனுப்பிய பில் வாடிக்கையாளரின் எந்த மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று காட்டும் திரையும் பட்டறைக்கு வரட்டும். மென்பொருளில் அது ஒன்றும் கடினமில்லை.

ஆள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரூ.2,877 கோடி திட்டத்தில் நவீனமாக்கியது. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ரோபோவும் ஐ.ஓ.டி.யும் படித்து வரும் பையன் பஸ், கேன்டீன், பி.எஃப். தரும் பெரிய ஆலைக்குத்தான் போவான், போகவும் வேண்டும். சிறு பட்டறையில் ஒருவனுக்குப் புது மென்பொருளைச் சொல்லிக்கொடுத்து முடித்த மாதமே அவன் கிளம்பிவிடுவான். பயிற்சிச் செலவு பட்டறைக்கு, பலன் வேறொருவருக்கு.

எதிர்த் தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதே கோவையில், அதே அளவில் தொடங்கி, முழுக்க டிஜிட்டலாகி ஏற்றுமதிவரை வளர்ந்த பட்டறைகள் இருக்கின்றனவே, அவர்களால் முடிந்தது இவர்களால் ஏன் முடியவில்லை என்று கேட்பார்கள். அவர்களை உற்றுப் பாருங்கள். சொந்தமாக ஒரு பொருள் செய்து சொந்தப் பெயரில் விற்பவராக இருப்பார்; அல்லது ஒவ்வொரு பீஸின் அளவுப் பதிவையும் கேட்டு வாங்கி, அதற்கேற்ற விலையும் கொடுத்து, குறித்த நாளில் பணமும் போடும் வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடைத்தவராக இருப்பார். மென்பொருள் வந்ததால் நல்ல வாடிக்கையாளர் வந்தாரா, நல்ல வாடிக்கையாளர் வந்ததால் மென்பொருள் வந்ததா என்று அவர்களிடமே கேட்டால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். பிடிவாதக்கார ஓனர்கள் இல்லையா என்றால், உண்டு. மகன் பி.இ. முடித்து வந்து சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாத அப்பாக்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. ஒரு மாநிலத்தின் தொழில் கொள்கையை அவர்களை வைத்து எழுத முடியாது.

கைக்குப் பணம் எட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் பழைய சான்று இருக்கிறது. 1999-ல் ஜவுளித் துறைக்குத் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வட்டி மானியத்தோடு வந்தபோது நூற்பாலைகள் வரிசையில் நின்று புது மெஷின் வாங்கின. சிறுதொழிலுக்கு 15 விழுக்காடு மூலதன மானியம் தந்த திட்டமும் அப்படித்தான் ஓடியது. 2020-ல் அது பொதுப்பிரிவினருக்கு நின்றுபோனது. அதன்பிறகு கருத்தரங்குகள் கூடின, மானியம் திரும்பவில்லை. மானியம் வந்தாலும் அது மெஷினுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. பழைய கன்ட்ரோலருக்கு மாட்டும் கார்டு, மென்பொருள் சந்தா, ஆறு மாதம் பட்டறையிலேயே வந்து நின்று சொல்லிக்கொடுக்கும் ஆளின் சம்பளம் ஆகியவற்றுக்கும் அது செல்ல வேண்டும். தகவல் வேண்டும் என்கிற வாடிக்கையாளர் அதற்கான செலவை மெஷினின் மணிநேர ரேட்டில் ஏற்றித் தரட்டும். அந்தத் தகவலை ரேட் குறைக்கப் பயன்படுத்த மாட்டேன் என்று பி.ஓ.விலேயே எழுதியும் தரட்டும்.

2019 முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.எஸ்.எம்.இ-1 என்ற படிவத்தில் பாக்கித் தொகையையும் தாமதத்துக்கான காரணத்தையும் மத்திய அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். கருத்தரங்கு நடத்தும் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை மேடையேற்றும் கொள்முதல் தலைவரிடம் படக்காட்சியோடு அவருடைய கம்பெனியின் கடைசிப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். அதை முதலில் திரையில் போட்டுக் காட்டிவிட்டு, பிறகு மைண்ட்செட் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.